மாக்ரெட் கம்பனியில் ஒரு வேலை

முத்திரை வெட்டுவித்தவன் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஒருவரும் மாக்ரெட்டைக் குறை சொல்லக்கூடாது. கையெழுத்து மட்டும் அவளுடையது. வாசகம், இங்கிலீசு, கம்பனிப் பெயர், ஊதா மை, எல்லாம் என்னுடைய கைங்கரியம். முப்பத்தைந்து வருஷம் துறைமுகத்துக் கிளியரிங் கம்பனி ஒன்றில் கிளாக்காக இருந்தவனுக்குக் கடிதத்தை வெறும் கடிதமாக எழுத வராது. கீழே முத்திரை ஒன்று விழுந்தால்தான் மனம் ஆறும்.

கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்தது ஒரு தோட்டம். கொழும்பில் தோட்டம் என்றால் மரமும் இல்லை, செடியும் இல்லை. ஒட்டி ஒட்டிப் பதினாறு வீடு, நடுவில் ஒரு தண்ணீர்க் குழாய், அதைச் சுற்றிச் சண்டை. என் வாசலுக்கு நேர் எதிரே மாக்ரெட்டின் வாசல். அவள் புருஷன் ஒஸ்வால்ட் துறைமுகத்தில் பாரம் தூக்கும் வின்ச் ஓட்டியவன். கம்பி அறுந்து அவன் போய்ப் பத்து வருஷம். ஒரே மகள் கொன்ஸ்ரன்ஸ். அவளை இடியப்பம் வளர்த்தது.

சும்மா சொல்லவில்லை. விடிய முன்னூறு, பின்னேரம் இருநூறு என்று தாயும் மகளும் பிழிவார்கள். அரிசி மாவை வறுத்து, அரித்து, கொதிநீர் விட்டுக் குழைத்து, சூடு ஆறுமுன் பிழிகிற உரலில் போட்டு அழுத்த வேண்டும். ஆறினால் மா கல்லாகிவிடும், தோள்மூட்டுக் கழலும். பிரம்புத் தட்டுகளில் வட்டம் வட்டமாக விழுந்ததை அடுக்கி அவிப்பார்கள். வெந்ததும் ஜம்பட்டா வீதியில் அலவி நானாவின் சாப்பாட்டுக் கடைக்குப் பெரிய பங்கு போகும். மாக்ரெட்டுக்கு ஒரு உரல், கொன்ஸ்ரன்ஸுக்கு ஒரு உரல். அந்தப் பிள்ளை பள்ளிக்கூட யூனிபோமைப் போடுமுன் நூற்றைம்பது பிழிந்துவிட்டுத்தான் போகும். பரீட்சைக் காலத்தில் குறிப்புக் கொப்பியைச் சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டு, பிழிந்துகொண்டே படிக்கும். நான் என் கண்ணால் கண்டது.

தொண்ணூற்றேழாம் ஆண்டு ஒக்டோபர். பின்னேரமானால் இடியும் மழையும், தோட்டம் முழுக்கக் கணுக்காலளவு தண்ணீர். அப்படியொரு மழைக்குள்தான் தபால்காரன் அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்தான். மாக்ரெட்டின் கை முழுக்க மா. முழங்கையால் என்னை இடித்தாள்.

"வாசியுங்கோ அண்ணை. என்னவாம்?"

"பேராதனைப் பல்கலைக்கழகம். கால்நடை மருத்துவம். எடுபட்டிட்டாள்!"

"கால்நடை எண்டா?"

"மாட்டு டொக்டர் அம்மா," என்றாள் கொன்ஸ்ரன்ஸ். "மாடு மட்டுமில்ல. ஆடு, கோழி, நாய், யானைகூட."

"கொட்டாஞ்சேனையில காகமும் பூனையுமெல்லோ இருக்கு! ஆரடி உனக்குச் சல்லி தரப் போறது? பூனையோ?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி, ஒஸ்வால்ட்டின் படத்தைப் பார்த்து, மாக் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். திரும்பியபோது முகம் முழுக்க வெள்ளை. எனக்கும் கண் கலங்கியது. எங்கள் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போகிற முதல் ஆள் அவள்.

கடிதத்தோடு ஒரு படிவமும் இருந்தது. வசதி குறைந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கிற நிதியுதவிக்கான படிவம். பர்சரி என்று சொல்வோம். கிடைத்தால் மாதாமாதம் ஒரு தொகை வரும். விடுதிக் காசு, சாப்பாடு, புத்தகம், எல்லாம் அதற்குள் அடங்கும். கிடைக்காவிட்டால் கொன்ஸ்ரன்ஸ் போவது நடவாத காரியம். செட்டியார் தெருவில் ஒரு கொமியூனிகேசன் கடையில் ரெலிபோன் பூத்துக்கு ஆள் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அங்கேதான் போக வேண்டும். படிவத்தில் ஒரு பக்கம் எங்கள் பகுதிக்குப் பொறுப்பான அரசாங்க அதிகாரி, கிராம சேவகர், நிரப்ப வேண்டியது: குடும்பத்தின் மாத வருமானம் இவ்வளவுதான் என்று அவர் விசாரித்து எழுதி, கையெழுத்து வைக்க வேண்டும். மாத முடிவுக்குள் அனுப்ப வேண்டும்.

"அதென்ன பெரிய வேலை," என்றேன் நான். வாய்க்கொழுப்பு.

கிராம சேவகர் வீரக்கொடி மாத்தயா தெற்கே காலிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து மூன்று மாதம். மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் மூன்று பேனை. பாதி சிங்களம், பாதி தமிழ் என்று கதைப்பார். நானும் மாக்ரெட்டும் அவருடைய கந்தோருக்குப் போய் மேசை முன்னால் நின்றோம். மாக்ரெட் மாதம் மூவாயிரம்தான் மிஞ்சும் என்றாள். அவர் எழுதவில்லை. எழும்பிப் போய் அலுமாரியிலிருந்து ஒரு பைலை எடுத்துவந்து திறந்தார். பொலிஸ் பதிவுப் பத்திரங்களின் பிரதிகள். எங்கள் தோட்டத்து வீடு ஒவ்வொன்றிலும் யார் யார் இருக்கிறார்கள், ஏன் இருக்கிறார்கள் என்ற விபரம். அதோடு குத்தியிருந்தன கடிதங்கள். ஒன்றல்ல, இரண்டல்ல. பதினொன்று. ஒவ்வொன்றின் அடியிலும் என் ஊதா முத்திரை.

"மார்கரெட் ஃபுட் சப்ளையர்ஸ்," என்று வாசித்தார். "புறொப்ரைட்ரஸ், மிஸிஸ் மார்கரெட் ஒஸ்வால்ட். நோனா பிஸ்னஸ் நே? வேலையாள் பதினொண்டு. மாச வருமானம் பதினையாயிரம்."

"அது மாத்தயா..." என்றாள் மாக்ரெட்.

"எதகொட மே லியும்? அப்ப இந்தக் கடிதம் எல்லாம்? பொலிசுக்குக் குடுத்தது சரியா, எனக்குச் சொல்லுறது சரியா?"

கடிதம் சரி என்றால் மாக்ரெட் பணக்காரி, பர்சரி இல்லை. கடிதம் பொய் என்றால் பொலிசுக்குப் பொய் எழுதிக் கொடுத்த குற்றம் மாக்ரெட்டின் தலையில். அதைவிடப் பெரிய கொடுமை, அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொழும்பில் நடமாடுகிற பதினொரு பெண்களின் கதி.

"ஹரி, சரி," என்றார் அவர். "வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு வாறன். பிஸ்னஸ் பாக்கிறன். பிறகு எழுதுறன்."

அந்தப் பதினொரு பேரின் கதையையும் சொல்லவேண்டும். அதற்கு முந்தின வருஷம் கோட்டையில் பெரிய குண்டு வெடித்த பிறகு, தமிழ் ஆட்களைத் தெருவில் மறித்தால் மூன்று கேள்வி: எந்த வீட்டில் நிற்கிறாய், என்ன வேலை, கடிதம் எங்கே. மலைநாட்டிலிருந்து வந்து வீட்டுவேலை செய்கிற பெண்கள்தான் அதிகம் அகப்பட்டார்கள். பாதிப்பேரிடம் அடையாள அட்டை இல்லை. எசமான்கள் கடிதம் கொடுக்கவும் மாட்டார்கள், தங்கள் வீட்டுப் பெயர் பொலிஸ் புத்தகத்தில் ஏறக்கூடாதாம். பொகவந்தலாவைச் சீனியம்மா அப்படி அகப்பட்டவள். வெள்ளவத்தையில் அவள் வேலைசெய்த வீட்டார் அவளைக் கடைக்கு அனுப்பிவிட்டு, கேற்றைப் பூட்டிக்கொண்டு கனடாவுக்குப் போய்விட்டார்கள். பொலிசில் மூன்று நாள் தவணை கொடுத்து, வேலைகொடுப்பவரின் கடிதத்தோடு வா என்றிருக்கிறார்கள். அவள் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் படியில் இருந்து அழுதுகொண்டிருந்தாள். மாக்ரெட் செவ்வாய்க்கிழமை மெழுகுதிரி கொளுத்தப் போனவள், ஆளைக் கையோடு கூட்டிவந்துவிட்டாள்.

"அண்ணை, இவள் என்னோட வேலை செய்யிறாள் எண்டு ஒரு கடிதம் எழுதித் தாங்கோ."

அப்படியே எழுதியிருக்கலாம். இடியப்பம் விற்கிற விதவைப் பெண்ணுக்கு வேலைக்காரி எங்கே இருந்து வந்தாள் என்று பொலிசில் கேட்டால்? யோசித்தேன். யோசனை பெருமையாக மாறிவிட்டது. புறக்கோட்டைக்குப் போய் முத்திரை வெட்டுவித்தேன். கம்பனிக்கு இங்கிலீசுப் பெயர் வைத்தேன். பதினையாயிரம் வருமானம் என்று போட்டேன். பொலிஸ் ஸ்ரேசன் பெரியவர் கடிதத்தைப் பார்த்து, மாக்ரெட்டை மரியாதையாக நோனா என்று கூப்பிட்டு, கதிரையில் இருக்கச் சொன்னாராம். அந்த ஒரு கதிரையை நினைத்து நான் ஒரு மாதம் தலை நிமிர்த்தி நடந்தேன்.

பிறகு சீனியம்மாவின் சிநேகிதி மயிலம்மா வந்தாள். அவளுக்குத் தெரிந்த அங்கம்மா வந்தாள். முகத்துவாரத்தில் ஒருத்தி, ஹெந்தளையில் ஒருத்தி. வருகிறவளை மாக்ரெட் ஒருநாளும் கையை விரித்து அனுப்பியதில்லை. சீனியம்மாவும் மயிலம்மாவும் மாக்ரெட்டின் வீட்டிலேயே தங்கினார்கள். பக்கத்துத் தெருவில் இரண்டு வீடுகளுக்கு உடுப்புத் தோய்க்கப் போய்வருவார்கள், நேரம் கிடைத்தால் இடியப்பத்துக்கும் கைகொடுப்பார்கள். மற்ற ஒன்பது பேரும் கொழும்பில் அங்கங்கே வீட்டுவேலை. கடிதமும் பொலிஸ் பதிவும் மட்டும் இங்கே. யாரும் ஒரு சதம் கொடுக்கவுமில்லை, மாக்ரெட் ஒரு சதம் வாங்கவுமில்லை.

கிராம சேவகரைக் கண்டுவந்த அந்தச் செவ்வாய் பின்னேரம் மாக்ரெட்டின் குசினியில் பெரிய வழக்கு நடந்தது. வெளியே மழை சோவென்று கொட்டுகிறது, உள்ளே நெருப்பும் புகையும். சீனியம்மா ஒரு ஓரத்தில் இருந்து தட்டு அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு ஏன் அண்ணை பதினையாயிரம்?" என்று மாக்ரெட் என்மேல் பாய்ந்தாள். "ஒரு அஞ்சாயிரம் எழுதக் கை வரேல்லையோ?"

"அஞ்சாயிரத்துக்கு ஆரும் பதினொரு பேரை வேலைக்கு வைப்பினமோ? கேட்கிறவன் சிரிப்பான்."

"இப்ப ஆர் சிரிக்கிறது? பிள்ளையின்ர படிப்பில மண்!"

"மாக்ரெட், நான் வேணுமெண்டு செய்தனானோ?"

"முத்திரை வேற! முத்திரை! ஒரு பேனையால எழுதினா ஆகாதோ உங்களுக்கு?"

சரியாகத்தானே கேட்கிறாள்.

கொன்ஸ்ரன்ஸ் உரலை அழுத்தியபடியே சொன்னாள்: "அம்மா, அங்கிளைப் பேசாதேங்கோ. நான் போகேல்ல. கொமியூனிகேசன்காரர் வாற திங்கள் வரச் சொன்னவர்."

"பொத்தடி வாயை."

"ரெண்டு வழிதானே அம்மா இருக்கு. கடிதம் பொய் எண்டா இவையள் எல்லாரும் மாட்டுப்படுவினம். கடிதம் உண்மை எண்டா பர்சரி இல்ல. ரெண்டாவதுதானே நல்லது?"

பத்தொன்பது வயசுப் பிள்ளை இப்படிச் சொன்னால் பெற்றவள் என்ன செய்வாள்? மாக்ரெட் அடுப்பிலிருந்து ஒரு விறகை இழுத்து வெளியே போட்டாள், பிறகு அதையே திரும்ப உள்ளே தள்ளினாள்.

"கடிதம் பொய் எண்டு நான் செத்தாலும் சொல்லமாட்டன்," என்றாள். "இந்தச் சீனியம்மாவைப் பிடிச்சுக் குடுத்து என்ர பிள்ளை டொக்டராக வேண்டாம். ஆனா நீ கொமியூனிகேசனுக்கும் போகமாட்டாய். விளங்குதோ?"

"அப்ப என்ன செய்யிறது அம்மா?"

"எனக்கென்ன தெரியும்! மாதாவிட்டக் கேள்!"

சீனியம்மா தட்டை வைத்துவிட்டு எழும்பி நின்றாள். "அம்மா, நாங்க ரெண்டு பேரும் ஊருக்கே போயிடறோமுங்க. மத்தவங்களுக்கும் சொல்லிடறேன். கடுதாசியக் கிழிச்சுப் போட்டுட்டா எல்லாம் சரியாயிடுமுங்களா?"

"போறதெண்டா இந்த மாவைப் பிழிஞ்சு முடிச்சிட்டுப் போ," என்றாள் மாக்ரெட். "ஆறுது!"

சீனியம்மா உட்கார்ந்து உரலை எடுத்தாள். ஆனால் அவள் முகம் எதையோ கணக்குப் போடுகிற முகமாக இருந்தது. அடுத்தநாள் புதன்கிழமை மத்தியானம் அலவி நானாவின் கடைக்குக் கூடையைக் கொண்டுபோனவள், பொழுதுபடுமட்டும் வரவில்லை. எங்கே போனாய் என்று கேட்டதற்கு, "பஸ்சு கெடைக்கலீங்க" என்றாள். ஜம்பட்டா வீதிக்குப் போகப் பஸ் எதற்கு என்று நான் யோசித்தேன், கேட்கவில்லை.

வியாழக்கிழமை. நான் காலுறை, சப்பாத்து எல்லாம் போட்டு ஆயத்தமாகி, ஏழரை மணிக்கே வாசலில் நின்றேன். மழை விட்டு, தோட்டத்துச் சீமெந்து வழுவழுவென்றிருந்தது. முதலில் வந்தது அங்கம்மா. கல்கிசையிலிருந்து. பின்னாலே இன்னொருத்தி. பிறகு மூன்று பேர் சேர்ந்து. முகத்துவாரத்தாள் வந்தாள், ஹெந்தளையாள் வந்தாள். ஒருத்தி சேலைத் தலைப்புக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வந்தாள். பார்த்தால் இடியப்ப உரல், எசமானியின் குசினியிலிருந்து சொல்லாமல் எடுத்துவந்தது. எல்லோரும் தங்கள் தங்கள் வீட்டில் காய்ச்சல், பல்லுவலி, ஊரில் சாவு என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு, மூன்று நான்கு சோதனைச் சாவடி தாண்டி வந்திருந்தார்கள். சாவடிகளில் காட்டியது மாக்ரெட்டின் கடிதத்தைத்தான்.

மாக்ரெட் கதவில் நின்று திகைத்தாள்.

"என்னடி இது? ஏன் வந்தனீங்கள்?"

"வேலைக்கு வந்திருக்கோமுங்க," என்றாள் அங்கம்மா.

இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியே போகவேண்டிய குசினி அது. அதற்குள் பதினொரு பெண்கள், மாக்ரெட், கொன்ஸ்ரன்ஸ். குந்தினவள் முழங்கால் மற்றவள் முதுகில். ஒருத்தி மா அரிக்கிறாள், ஒருத்தி தண்ணீர் கொதிக்கவைக்கிறாள், ஒருத்தி கழுவின தட்டையே திரும்பத் திரும்பக் கழுவுகிறாள். பாதிப்பேர் ஆயுளில் இடியப்பம் பிழிந்ததில்லை, ரொட்டி தின்று வளர்ந்தவர்கள். மாக்ரெட் பல்லைக் கடித்துக்கொண்டு, "அங்கம்மா, உரலை அப்பிடிப் பிடியாதை, பிள்ளையைப் பிடிக்கிற மாதிரிப் பிடி" என்று குசுகுசுத்தாள். கொன்ஸ்ரன்ஸுக்குச் சிரிப்பு வந்து, தாயின் கிள்ளும் வாங்கினாள்.

சரியாக ஒன்பது மணிக்கு வீரக்கொடி மாத்தயா குடையோடு வந்தார். குசினி வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். பைலைத் திறந்து, பேர் பேராகக் கூப்பிட்டார். ஒவ்வொருத்தியும் "இருக்கேங்க, இருக்கேங்க" என்று பள்ளிக்கூடத்தில் போலச் சொன்னாள். பதினொன்றும் சரி. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அங்கம்மா பக்கத்தில் வந்து குனிந்தார். அவள் பயத்தில் பிரம்புத் தட்டைக் கவிழ்த்துப் பிடித்து, குழிந்த பக்கத்தில் பிழிந்துகொண்டிருந்தாள். எனக்கு உயிர் போய் வந்தது. மாத்தயா ஒன்றும் பேசாமல் தட்டை அவள் கையிலிருந்து வாங்கி, திருப்பி, மேடான பக்கம் மேலே வரும்படி கொடுத்தார்.

"மகே அம்மத் இந்தி ஆப்ப ஹதனவா," என்றார். பிறகு தமிழில்: "எங்கட அம்மாவும் இதுதான் செய்யிறது. காலியில."

அவ்வளவுதான். எங்கள் வண்டவாளம் முழுக்க அந்த மனிதருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கு விளங்கியது.

ஆனால் அவர் பேனையை எடுத்தார். "சம்பளம்?"

பதினொரு கடிதம் எழுதிய பெரிய மூளைசாலி நான், சம்பளத்தைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கவில்லை! வாயைத் திறந்தேன். அதற்குமுன் சீனியம்மா சொல்லிவிட்டாள்.

"மாசம் ஆயிரத்தி ஐந்நூறுங்க. சாப்பாடு தனி."

"கிடைக்குதா ஒழுங்கா?"

"ஒரு மாசம் தவறினதில்லீங்க."

அவர் மயிலம்மாவிடம் கேட்டார். "ஆயிரத்தி ஐந்நூறுங்க." அங்கம்மாவிடம் கேட்டார். "ஆயிரத்தி ஐந்நூறு. தீவாளிக்குச் சேலையும் உண்டுங்க." சேலை வேறு! மாக்ரெட் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் காது சிவந்துபோயிருந்தது. ஒருத்தி மாறிச் சொல்லவில்லை. பதினொரு வாயிலும் ஒரே பேச்சு. புதன்கிழமை சீனியம்மா பஸ் ஏறிப்போய் வீடு வீடாகச் சொல்லிவைத்தது என்ன என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மாத்தயா கடுதாசி ஓரத்தில் பெருக்கினார். ஒருமுறை பார்த்தார். திரும்பப் பெருக்கினார்.

"பதினாறாயிரத்து ஐந்நூறு சம்பளம். வருமானம் பதினையாயிரம்." மாக்ரெட்டை நிமிர்ந்து பார்த்தார். "நோனாவுக்குப் பாடு நே! மாசாமாசம் நட்டம்!"

மயிலம்மாவோ யாரோ களுக்கென்று சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. படிவத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு சொன்னார்: "நட்டம் எண்டு எழுதினா மேல இருக்கிற ஆக்கள் நோனா எப்பிடிச் சாப்பிடுற எண்டு கேப்பாங்க. அண்டைக்கு என்ன சொன்னது? எவ்வளவு மிஞ்சும்?"

"மூவாயிரம் மாத்தயா," என்றாள் மாக்ரெட். "சத்தியமா மூவாயிரம்தான்."

"ஹரி. மூவாயிரம்."

எழுதினார். கையெழுத்து வைத்தார். தன் முத்திரையைக் குத்தினார். என்னுடையதைவிடச் சின்ன முத்திரை. என்ன இருந்தாலும் அதைக் கவனிக்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

அவர் தலை மறைந்ததும் மாக்ரெட் நிலத்தில் குந்தி ஓவென்று அழுதாள். பதினொரு பேரும் அவளைச் சுற்றிச் சிரிக்கிறார்கள், அழுகிறார்கள், ஒருத்தி அவளுக்குத் தண்ணீர் பருக்குகிறாள்.

"ஒரு சதம் நான் உங்களுக்குத் தரேல்லையேடி! நீங்கள் ஏன் எனக்காகப் பொய் சொல்லோணும்?"

"நீங்க எங்களுக்காகச் சொல்லலையா அம்மா?" என்றாள் சீனியம்மா. "ஒங்க கடுதாசி இல்லாட்டி நான் எந்த ஜெயில்ல கெடப்பேனோ. ஊருல என் புள்ளைக்கு மாசாமாசம் பணம் போவுதே, அது யாராலங்க? எங்க பாப்பா படிக்கப் போவுது. ஒரு நாள் வந்து ஒக்காந்துட்டுப் போறதுல என்ன இருக்கு?"

"பாப்பா எங்க தேயிலைத் தோட்டத்து மாடுங்களையும் பாக்கணும், சொல்லிட்டேன்," என்றாள் அங்கம்மா.

கொன்ஸ்ரன்ஸ் ஒவ்வொருத்தியாகப் போய்க் கட்டிப்பிடித்தாள். பிழிந்து வைத்திருந்த இடியப்பங்கள் வட்டமுமில்லாமல் சதுரமுமில்லாமல் கிடந்தன. அலவி நானா கண்ணால் பார்த்தால் கடையைப் பூட்டிவிடுவார். அதையெல்லாம் அவித்து, சொதியும் தேங்காய்ச் சம்பலும் போட்டு, எல்லோரும் நின்ற நிலையில் தின்றோம். அதைப்போல ருசியான இடியப்பத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் தின்றதில்லை. பிறகு அவசரம் அவசரமாகப் பஸ் பிடிக்கப் போனார்கள். உரல்காரிதான் முதலில் ஓடினாள், எசமானி மத்தியானச் சமையலுக்கு வருமுன் அதைத் திரும்ப வைக்கவேண்டுமே.

பர்சரி கிடைத்தது. ஜனவரி மாதம் கடிதம் வந்தது. அடுத்த கிழமையே கோட்டைப் புகையிரத நிலையத்தில் கொன்ஸ்ரன்ஸைக் கண்டி ரெயிலில் ஏற்றிவிட்டோம். சாவடியில் பெட்டியைக் கொட்டிப் பார்த்தார்கள். உடுப்பு, ஒரு பெரிய இங்கிலீசுப் புத்தகம், சீனியம்மா கட்டிக் கொடுத்த தேங்காய் உருண்டை. மாக்ரெட் ரெயில் போகும்வரை அழவில்லை. போன பிறகு, "விடியப் பிழிய ஆளில்லை அண்ணை" என்று மட்டும் சொன்னாள். உண்மைதான். சீனியம்மாவும் மயிலம்மாவும் விடியவே தோய்க்கிற வேலைக்குப் போய்விடுவார்கள். முன்னூறில் நூற்றைம்பது குறைந்துபோனது. அலவி நானாவும் முறைப்பாடு சொல்லத் தொடங்கிவிட்டார்.

நன்றி சொல்லாமல் விடுவது மாக்ரெட்டின் வழக்கமில்லை. திங்கட்கிழமை வாழையிலையில் முப்பது இடியப்பம், சொதி ஒரு போத்தல், கட்டைச் சம்பல் ஒரு கடதாசிச் சரை, எல்லாம் கூடையில் வைத்துக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு வீரக்கொடி மாத்தயாவின் கந்தோருக்குப் போனாள்.

"எப்பா, எப்பா, வேண்டாம்," என்று அவர் கையை ஆட்டினார். "வாங்கினா லஞ்சம். எடுத்திட்டுப் போங்க."

"மாத்தயா, நீங்கள் எழுதினதால என்ர பிள்ளை போய்ச் சேர்ந்திட்டாள். எனக்கு வேற என்ன தரத் தெரியும்? இதுதான் தெரியும்."

"சந்தோசம் நோனா. கொண்டு போங்க."

மாக்ரெட்டின் முகம் சுருங்கியது. கூடையைத் தூக்கினாள். நாங்கள் படி இறங்கும்போது பின்னாலிருந்து கூப்பிட்டார். எழும்பி வந்து, எங்களைத் திரும்ப உள்ளே கூட்டிப்போய், கதவைச் சாத்தி, குரலைத் தாழ்த்தினார்.

"நங்கிட வீடு நுகேகொடையில. தங்கச்சி. அவட வீட்டில பதுளைப் பொம்புளை ஒண்டு வேலைக்கு நிக்குது. தமிழ். போன கிழமை ரெண்டு நாள் பொலிசில வச்சிருந்தாங்க. தங்கச்சிட மனிசன் பயந்த ஆள், பேர் பதிய மாட்டான். போகச் சொல்லுறான். அது அழுறது எனக்குப் பாக்க ஏலாது." சட்டைப்பைப் பேனைகளைத் தடவினார். "நோனாவின்ர பிஸ்னஸ்ல, வேக்கன்சி ஏதும் இருக்குமா?"

மாக்ரெட் யோசிக்கவேயில்லை.

"இருக்கு மாத்தயா. மகளின்ர உரல் சும்மா கிடக்கு. நாளைக்கே வரச் சொல்லுங்கோ, என்னோடயே இருக்கட்டும். பிழியத் தெரியுமோ?"

"தெரியும்."

"ஆனா ஆயிரத்தைந்நூறு தர ஏலாது. ஆயிரம் தருவன். கையில எண்ணித் தருவன்."

அந்த மனிதர் அப்போதுதான் சிரித்தார். அவர் மாற்றலாகி வந்த ஆறு மாதத்தில் முதல் தரமாக அவர் பல்லைப் பார்த்தேன். கையை நீட்டிக் கூடையை வாங்கி, மேசைக்குக் கீழே வைத்தார்.

"இப்ப லஞ்சம் இல்லையோ மாத்தயா?" என்றேன் நான்.

"இப்ப சொந்தக்காரர் நே," என்றார்.

வீட்டுக்கு வந்து மேசைக்கு முன்னால் இருந்தேன். நல்ல கடுதாசி ஒன்று எடுத்தேன். இந்தக் கடிதத்தைக் கொண்டுவருபவர் எங்கள் நிறுவனத்தில் இடியப்பம் பிழியும் வேலையில் அமர்த்தப்பட்டிருக்கிறார், மாதச் சம்பளம் ஆயிரம் ரூபா, தங்குமிடம் மாக்ரெட்டின் வீடு என்று எழுதினேன். கம்பனியின் மாத வருமானம் என்ற இடத்தில் மூவாயிரம் என்று போட்டேன். மாக்ரெட் கையெழுத்து வைத்தாள். முத்திரையை மையில் தோய்த்து, கடிதத்தை இன்னொருமுறை வாசித்துப் பார்த்துவிட்டுக் குத்தினேன். பதினொரு கடிதத்துக்கும் அப்படி வாசித்துப் பார்த்ததில்லை. அந்த முத்திரை போட்டு நான் எழுதியவற்றில் ஒரு பொய்யும் இல்லாத கடிதம் அது ஒன்றுதான்.